நாலு றாத்தல் கல்

போன வாரம் நம் பள்ளிக்கூடத்துப் பழைய பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் தேயிலைத் தோட்டத்து மேக்கணக்குக் குளத்தின் படத்தைப் போட்டிருந்தார். யாரோ ஓட்டல்காரர் அன்னப்பறவை வடிவத்தில் நாலு மிதிபடகு வாங்கி விட்டிருக்கிறார். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் அதில் உட்கார்ந்து படம் பிடித்துக்கொள்கிறார்கள். படத்துக்குக் கீழே நீங்கள் எல்லாரும் எழுதினீர்கள். ‘இங்கதானே தொரமாரு பாய்ப்படகு விட்டாங்க’ என்றார் ஒருவர். ‘வழுக்குமரம் ஏறி நான் விழுந்தது இங்கதான்’ என்றார் இன்னொருவர். ‘படகுல ஏறுன புள்ளைகளுக்குப் பால்மா டின் குடுத்தாங்களே’ என்று ஒருவர் எடுத்துக்கொடுக்க, அதற்குக் கீழே இன்னொருவர் எழுதினார்: ‘அத ஒரு அம்மா வித்துட்டாங்களே!’ பக்கத்தில் மூன்று சிரிக்கிற முகங்கள்.

எழுதியவருக்கு அது என் அம்மா என்பது மறந்திருக்கும். மறக்காமலும் இருக்கலாம். அறுபதைத் தாண்டிவிட்டோம், இனி யார் எதை மறந்தாலும் கணக்கில் எடுக்க முடியாது. எனக்குக் கோபம் வரவில்லை. வரும் என்று போனைப் பார்த்தபடி சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. எழுந்து போய் இறக்கி வைத்தேன்.

முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளிடம் ‘நடந்ததை நடந்தபடி எழுது’ என்று சொல்லிக் கழித்தவள் நான். அதனால் இதை எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனி பிறந்தால் நம் பக்கம் காற்று கிளம்பும், தெரியும்தானே. தகரம் பறக்கும், லயத்து வரிசை வீடுகளின் கதவு தானாக அடித்துக்கொள்ளும், உதடு வெடிக்கும். அந்தக் காற்றில்தான் கொழுந்துக்கு மணம் ஏறும் என்று தேயிலை அரைக்கும் ஸ்டோரில் சொல்வார்கள். அதே காற்றை நம்பித்தான் துரைமாரும் படகு விட்டார்கள். பூனாகலையிலிருந்தும் ஹல்துமுல்லைப் பக்கத்திலிருந்தும் ஜீப்புகள் வரும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் குளக்கரையில் ஆறு பாய்ப்படகுகள். கரையில் மரத்தாலான கிளப் வீடு, பச்சைக் கூரை, ஒலிபெருக்கியில் பைலாப் பாட்டு. பாய் காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம் நம் லயம் வரைக்கும் கேட்கும். ஈரச் சேலையை ஒரு ஊரே சேர்ந்து உதறுகிற மாதிரி இருக்கும்.

அந்த மூன்று மாதமும் கிளப்காரர்களுக்கு நம்மேல் பாசம் பொங்கிவிடும். ஒரு ஞாயிறு பிள்ளைகளுக்கு வயிற்றுப்பூச்சி மருந்து. ஒரு ஞாயிறு பழைய துணி. ஒரு ஞாயிறு கயிறு இழுக்கும் போட்டி, கொழுந்துக்காரப் பெண்கள் ஒரு பக்கம், ஸ்டோர் ஆண்கள் ஒரு பக்கம். பெண்கள்தான் ஜெயிப்பார்கள், பரிசாக அலுமினியப் பானை. துரைசாணிகள் கேக் சுட்டு விற்பார்கள். வெட்டும்போது உதிர்ந்த ஓரங்களை ஒரு தட்டில் போட்டு நமக்கு நீட்டுவார்கள். நான் வாழ்க்கையில் முதன்முதலில் தின்ற கேக் ஓரம்தான். நடுத்துண்டு எப்படி இருக்கும் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். பின்னாளில் தின்று பார்த்தபோது அது ஓரத்தைவிட ருசியாக இல்லை.

பழைய துணி கொடுத்த அன்று அம்மாவுக்குக் கிடைத்தது ஒரு கிழிந்த படகுப் பாய். வெள்ளைத் துணி, கையால் கசக்க முடியாத அளவுக்குத் தடிப்பு, மெழுகும் வார்னிஷும் கலந்த வாசம். அதில் அம்மா அக்காவுக்கு ஒரு பாவாடை தைத்தாள். பாயில் இருந்த சிவப்பு எண் பாதியாக வெட்டுப்பட்டுப் பாவாடையின் பின்பக்கத்தில் வந்துவிட்டது. ஏழா ஒன்றா என்று தெரியாது. பிள்ளைகள் கிண்டல் பண்ணினார்கள். அக்கா கண்டுகொள்ளவில்லை. அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது, எனக்கு ஒன்பது. அப்பா எனக்கு நினைவு தெரியும் முன்பே போய்விட்டார்.

சீசனின் கடைசி ஞாயிறுதான் பெரிய நாள். அன்று ஒவ்வொரு படகிலும் துரையோடு ஒரு தோட்டத்துப் பிள்ளையும் ஏற வேண்டும். ஜெயிக்கிற படகில் இருக்கும் பிள்ளையைக் கிளப் பதுளையில் விடுதியோடு இருக்கும் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, படித்து முடிக்கும் வரை பார்த்துக்கொள்ளும். முந்தின வருஷம் பையன்கள் முறை, அந்த வருஷம் பெண்பிள்ளைகள் முறை. மாஸ்டர் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார். நம் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் கிடையாது. அக்கா ஐந்தாம் வகுப்பிலேயே இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தாள். தேறாமல் அல்ல, போக வேறு வகுப்பு இல்லாமல். மாஸ்டர் அவள் பெயரைத்தான் முதலில் எழுதினார்.

படகுகள் சமமாக ஓட வேண்டுமே, அதற்கு ஒரு விதி இருந்தது. பிள்ளையும் மணல் மூட்டையும் சேர்ந்து நூறு றாத்தல் இருக்க வேண்டும். பிள்ளை ஒல்லி என்றால் மூட்டை பெரிதாகும், பிள்ளை கனம் என்றால் மூட்டை சிறிதாகும். அதற்காக எட்டு நாள் முன்பே பிள்ளைகளை நிறுப்பார்கள். எங்கே? வேறெங்கே, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில்தான். கூடை தொங்கும் அதே கொக்கியில் சாக்கைத் தூளி மாதிரிக் கட்டி அதில் உட்கார வைத்து, அதே கணக்கப்பிள்ளை நிறுப்பார். நிறுத்த கையோடு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பால்மா டின், அந்த எட்டு நாளும் குடித்துத் தெம்பாக வர வேண்டும் என்று. அந்தப் பஞ்சகாலத்தில் பால்மா டின் என்றால் என்ன என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மணல் மூட்டை விஷயத்தை மாஸ்டர் எங்களுக்கு விளக்கினார். அம்மாவுக்கு யாரும் விளக்கவில்லை. நான் சொல்லிப் பார்த்தேன்.

“மணலாவது மண்ணாவது,” என்றாள் அம்மா. “எட கொறஞ்ச புள்ளைய எவன் எடுப்பான்? அதுலயும் அந்த மனுசன் நாலு றாத்தலு வெட்டாம விடுவானா?”

கணக்கப்பிள்ளை கூடைக்கு என்று நாலு றாத்தல் வெட்டுவார். கூடை இரண்டு றாத்தல்கூட இருக்காது. மழை நாளில் ஈரத்துக்கு என்று இன்னும் வெட்டுவார். நாளுக்கு மூன்று நிறுவை, மூன்று வெட்டு. பத்து வயதிலிருந்து அந்தத் தராசுக்கு முன்னால் நின்றவள் அம்மா. அதில் ஏறுகிற எதுவும் நாலு றாத்தல் குறைந்துதான் இறங்கும் என்பது அவளுக்குச் சூரியன் கிழக்கே உதிப்பது போல.

அதனால் முதல் நாள் சாயந்தரம் என்னை ஓடைக்கு அனுப்பினாள். “தட்டக் கல்லாப் பாத்துப் பொறுக்கியா. கூரு இருக்கக்கூடாது.” மடி நிறையக் கொண்டுவந்தேன். அம்மா ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து, சிலதைத் தள்ளினாள், சிலதை வைத்துக்கொண்டாள். அவள் கைக்குத் தராசு தேவையில்லை. படகுப் பாய்ப் பாவாடையின் மடிப்பைப் பிரித்து, கற்களை வரிசையாக வைத்துத் தைத்தாள். அந்தத் துணியின் தடிப்பில் வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஏமாற்றுகிறோம் என்று அம்மா நினைக்கவில்லை. அவர் வெட்டப்போவதை முன்கூட்டியே சரிக்கட்டினாள், அவ்வளவுதான்.

அடுத்த நாள் மடுவத்தில் கிளப் செயலாளர் துரை கையில் புத்தகத்தோடு தராசுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். வாழ்க்கையில் அந்த ஒரு நாள் கணக்கப்பிள்ளை எதையும் வெட்டவில்லை. முள் நின்ற இடத்தை அப்படியே சத்தமாகச் சொன்னார்.

“அறுவத்திரெண்டு!”

அம்மாவின் முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஐம்பத்தெட்டு என்று கேட்கக் காத்திருந்தவள். முதலில் திகைத்தாள், பிறகு லேசாகச் சிரித்தாள். கூடுதலாகக் கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? அக்காவுக்கு முப்பத்தெட்டு றாத்தல் மணலைத் தண்ணீர் புகாத பையில் கட்டினார்கள். கல்லைப் பிரித்துவிடலாமா என்று வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள்.

“தொடாத,” என்றாள் அம்மா. “மலையில ஒருக்கா நிறுத்தா ஸ்டோர்ல மறுக்கா நிறுப்பான். எல்லாம் முடியட்டும்.”

இப்போது யோசித்தால், அந்தக் கிளப்பில் இருந்த படித்தவர்கள் எல்லாரையும்விட என் அம்மாதான் விஷயத்தைச் சரியாகப் பிடித்திருந்தாள். அவள் சொன்னபடி விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

பந்தயத்துக்கு முதல் நாள் பிள்ளைகளைக் குளத்துக்குக் கூப்பிட்டுப் பழக்கினார்கள். அக்காவோடு நானும் போனேன். அவள் ஏறப்போகும் படகு பெரிய துரைக்கு அடுத்த சின்னத்துரையுடையது. நல்ல மனுஷன், முகமெல்லாம் வெயிலில் உரிந்திருக்கும், தமிழைக் கல்லில் நடப்பது போலப் பேசுவார். படகு கவிழ்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். “படகு புடிச்சிக்கோ. கை விடாதே. கொலுசு வேணாம், சப்பாத்து வேணாம். கனம் இருந்தா நேரே கீழே போறது. நான் எடுக்க முடியாது.” கையைத் தட்டையாக வைத்துத் தண்ணீருக்குள் இறங்குவது போலக் காட்டினார். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் அக்காவின் பாவாடையைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அம்மா விறகுக்குப் போனாள். அக்கா குளிக்கப் பீலிக்குப் போனாள். நான் பிளேடை எடுத்து மடிப்பைப் பிரித்தேன். கற்களை ஒவ்வொன்றாக எடுத்து லயத்துக்கு முன்னால் ஓடும் சாக்கடைக் கானில் போட்டேன். எத்தனை என்று எண்ணவில்லை. அதே நூலால் மடிப்பைத் தைத்தேன். கோணல்மாணலாகத்தான் வந்தது. அக்கா செத்துவிடக் கூடாது என்பதைத் தவிர அப்போது என் மனசில் வேறெதுவும் இல்லை. அக்கா வந்தாள், பாவாடையைக் கட்டினாள், மடிப்பை ஒருமுறை கையால் நீவிவிட்டாள். அம்மா வந்து அவளுக்குத் தலை சீவி, கன்னத்தில் மையால் பொட்டு வைத்தாள்.

பந்தயத்தை நீங்களும் பார்த்தீர்கள். சின்னத்துரையின் படகு இரண்டாவது திருப்பத்தில் முன்னால் வந்தது, அப்புறம் யாராலும் பிடிக்க முடியவில்லை. அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டு படகின் ஓரத்தில் சாய்ந்திருந்தாள். காற்று அவள் தலைமுடியை அவிழ்த்துவிட்டிருந்தது. வாயைத் திறந்து எதையோ கத்தினாள், கரைக்குக் கேட்கவில்லை. அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வெள்ளிக் கோப்பையை அக்கா கையில் கொடுத்தார்கள். ஒரு துரைசாணி படம் எடுத்தாள். அந்தப் படம் இங்கிலாந்தில் ஏதோ ஒரு பெட்டியில் இருக்கலாம், கறையான் தின்றும் இருக்கலாம். நாங்கள் பார்த்ததே இல்லை.

பிறகு ஜெயித்த பிள்ளையையும் மூட்டையையும் மறுபடி நிறுத்தார்கள். கிளப் வீட்டுக்குள் நிறுக்கும் மிஷின் ஒன்று இருந்தது. நூறுக்கு மூன்றரை றாத்தல் குறைந்தது. அரை றாத்தலை நனைந்த பாவாடை திருப்பிக் கொடுத்திருந்தது.

செயலாளர் துரை மூட்டையைத் தனியாக நிறுத்தார். சரியாக முப்பத்தெட்டு. மடுவத்துத் தராசைக் குறை சொல்ல வழியில்லை, மற்றப் பிள்ளைகளின் எடை எல்லாம் சரியாக வந்தது. அப்படியென்றால் பிள்ளைதான் எட்டு நாளில் இளைத்திருக்கிறது. பால்மா டின் கொடுத்தும் இளைத்திருக்கிறது. துரைசாணிகள் தங்களுக்குள் பேசினார்கள். அதில் ஒருத்திக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கியது அக்காவைப் பார்த்து. அம்மாவைப் பார்த்தபோது அந்தக் கண் வேறு மாதிரி இருந்தது.

மாஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார்கள். மாஸ்டர் தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

“பால்மா டின்ன என்ன பண்ணுனீங்கன்னு கேக்குறாங்க. வித்துட்டீங்களான்னு.”

“புள்ளைக்குத்தாங்க குடுத்தேன்,” என்றாள் அம்மா.

“பெறகு எப்படிம்மா கொறஞ்சுச்சு?”

அம்மா அக்காவின் பாவாடையைப் பார்த்தாள். நனைந்த துணி, கல் இருந்தால் நேராகத் தொங்கியிருக்கும். அது அக்காவின் காலில் ஒட்டிச் சுருண்டு கிடந்தது. அம்மாவுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. இரண்டடி தள்ளிக் கணக்கப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். தராசில் கல் வைத்தேன் என்று அம்மா அங்கே வாயைத் திறந்தால், அதுவரை அவள் நிறுத்த கொழுந்து அத்தனையும் பொய்யாகிவிடும். பேர் வெட்டுவார்கள், லயத்தைக் காலி பண்ணச் சொன்னாலும் சொல்வார்கள். அம்மா வாயைத் திறக்கவில்லை. பேசாமல் இருந்ததை அவர்கள் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

கோப்பையை அக்காவின் கையிலிருந்து வாங்கினார்கள். பிடுங்கவில்லை, மரியாதையாகத்தான் வாங்கினார்கள். இரண்டாவதாக வந்த படகின் பிள்ளை பதுளைக்குப் போனது. அவர் இன்று நம் குழுவில் இருக்கிறார். நன்றாகப் படித்தார், நல்ல மனுஷி, என் மகள் கல்யாணத்துக்கு வந்து பந்தி பரிமாறினார். அவர்மேல் எனக்கு ஒன்றும் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பாவாடை மடிப்பைத் தடவிப் பார்த்தாள்.

“எடுத்தியா?” என்று அக்காவைக் கேட்டாள்.

அக்கா பேசவில்லை. அம்மா ஒரே ஒரு அறை அறைந்தாள். அதற்குப் பிறகு எங்கள் இருவரில் யாரையும் அவள் அடித்ததில்லை. நான் மூலையில் உட்கார்ந்து கிளப்பில் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாம். ‘நான்தான்’ என்று ஒரு வார்த்தை. வாயில் பிஸ்கட் இருந்தது, அதை மென்றுகொண்டே இருந்தேன். அது இஞ்சி பிஸ்கட். இன்றைக்கும் கடையில் பார்த்தால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை, வாங்கவும் செய்வேன். அதுதான் எனக்கு ஆச்சரியம்.

அடுத்த சித்திரையில் அக்கா காலைப் பெரட்டில் பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போனாள். லயத்தில் அம்மாவுக்குப் ‘பால்மாக்காரி’ என்று பேர் விழுந்தது. முதலில் முதுகுக்குப் பின்னால், பிறகு முகத்துக்கு நேராக, பிறகு அது வசவு என்பதே மறந்துபோய் வெறும் அடையாளமாக. ‘எந்த வீடு?’ ‘பால்மாக்காரி வீடு.’ அம்மாவும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள். கொஞ்ச நாளில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, துரைமார் போனார்கள், கிளப் வீடு உரமூட்டை அடுக்கும் இடமாயிற்று. நான் தெமோதரையில் பஸ் பிடித்துப் பண்டாரவளைக்குப் போய்ப் படித்தேன். அந்தப் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் கொழுந்து பறித்தது அக்கா. நான் டீச்சரானேன். அம்மா செத்துப் பதினெட்டு வருஷம். கடைசி வரை அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் நினைத்துக்கொண்டு போவேன், பலகாரம் தின்றுவிட்டு வந்துவிடுவேன்.

இந்த வாரம் உங்கள் சிரிக்கிற முகங்களைப் பார்த்த பிறகு, பஸ் ஏறி அக்காவிடம் போனேன். அதே லயம்தான், முன்னால் ஒரு தகரத் தாழ்வாரம் இறக்கியிருக்கிறாள். போனைக் காட்டி வாசித்துச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அவன் கெடக்குறான்,” என்றாள்.

“அக்கா, அந்தக் கல்ல எடுத்தது நான்தான்.”

“தெரியும்.”

“எப்பலருந்து?”

“அன்னைக்கே. பாவாடையக் கட்டுறப்பவே தெரிஞ்சிருச்சு. ஓந் தையலு எனக்குத் தெரியாதா? கோழி கிண்டுன மாதிரி.”

நானும் ஒரு கைக் கீரையை எடுத்துக்கொண்டேன். பிறகு கேட்டேன். “அம்மா அடிச்சப்ப ஏன் சொல்லல?”

“சொன்னா ஒனக்கும் ஒன்னு விழுந்திருக்கும். எனக்கு விழுந்தது போகவா போகுது?”

“அதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே. கட்டுறப்பவே தெரிஞ்சுச்சுன்னா, அம்மாகிட்ட சொல்லியிருந்தா மறுபடி வச்சுத் தச்சிருக்குமே. நீ பதுளைக்குப் போயிருப்பியே.”

“போயிருப்பேன்,” என்றாள் அக்கா.

கீரைத் தண்டை ஒடித்துப் போட்டாள். கூடைக் கயிறு ஐம்பது வருஷம் அழுத்தியதில் அவள் உச்சந்தலையில் முடி முளைக்காத ஒரு தடம் இருக்கிறது. கீரைக் கையாலேயே அதைத் தடவிக்கொண்டாள்.

“லேசா இருந்துச்சு புள்ள. எட்டு நாளா அந்தக் கல்லு முழங்கால்ல இடிச்சுக்கிட்டே இருந்துச்சா, அன்னைக்குக் கட்டுனா ஒன்னுமே கட்டாத மாதிரி லேசா இருந்துச்சு. தண்ணிக் கொடம் இல்ல, வெறகுக் கட்டு இல்ல, ஒன்னும் இல்ல. அப்படியே ஓடணும் போல இருந்துச்சு. அத அவுத்துக் குடுக்க எனக்கு மனசு வரல.”

பிறகு கீரையை அலச எழுந்து போனாள். தண்ணீர் வாளியைத் தூக்க நான் கையை நீட்டினேன். “நீ வை, ஒனக்கு முதுகு வலிக்கும்,” என்று சொல்லிவிட்டு அவளே தூக்கிக்கொண்டு போனாள்.